பதினாறாவது சீட்டு

என் நைனா துரைக்கண்ணுவுக்கு மெதுவாகப் பேச வராது. இருபத்திரண்டு வருடமாக செஞ்சி – மேல்மலையனூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டில் நின்று "மலையனூர் மலையனூர் மலையனூர்" என்று அவர் கூப்பிட்டால் ராஜகிரிக் கோட்டை மேல் ஏறிக்கொண்டிருப்பவன்கூட நின்று திரும்பிப் பார்ப்பான் என்று டிரைவர் பீமாராவ் மாமா சொல்வார். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் சிங்கவரத்தில் எங்கள் வீட்டில் அவர் "உப்பு எடு" என்றால் பக்கத்து வீட்டில் உப்பை எடுத்து வைப்பார்கள். அது மிகை இல்லை.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. டென்ஷன் ஆகிவிட்டால் வாயில் ஊர்ப் பெயர் வரும். நான் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே "மலையனூர் மலையனூர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நர்சம்மா வெளியே வந்து, "யாருய்யா அது, இங்க இன்னா பஸ்ஸா நிக்குது?" என்று திட்டியதை என் அம்மா குஞ்சம்மாள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நைனாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை ஜனம். சீட்டு கிடைத்தவர்கள், நின்றுகொண்டு வருபவர்கள். யாரைப் பற்றிக் கேட்டாலும் அந்தக் கணக்குதான். "அவனுக்கு இன்னாம்மா, சீட்டு கெடச்சி ஒக்காந்துட்டான்" என்றால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

நான் ரஞ்சனி. அப்போது செஞ்சியில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இந்த உயரத்துக்குக் கோ-கோ ஆடு, கபடி ஆடு என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். எனக்குப் பிடித்தது பாஸ்கெட்பால். யார் என்ன செய்ய முடியும்? எங்கள் கோர்ட் சிமெண்ட் தரை. மல்லாட்டை சீசனில், அதாவது வேர்க்கடலைக் காலத்தில், வாட்ச்மேன் அதில்தான் மல்லாட்டையைக் காயப்போடுவார். நாங்கள் அதை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, காலில் குத்துகிற தோலைப் பெருக்கிவிட்டுத்தான் பந்தையே தொட முடியும். அனு எங்கள் அணியில் ஒரே உயரமான பெண். அவள் மட்டும் பயிற்சி முடிவதற்குள் அரைப்படி மல்லாட்டையைத் தின்று முடித்திருப்பாள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் விளையாட்டுக் கோட்டாவில் ஓர் இடம். அதற்குப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் எட்டு இடத்துக்குள் வந்த மெரிட் சான்றிதழ் வேண்டும். கலந்துகொண்டதற்குக் கொடுக்கிற சான்றிதழ் எதற்கும் உதவாது. அதில் என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன. போட்டியில் மொத்தம் பதினாறு அணிகள். ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் எட்டுக்குள் வந்துவிடலாம். அந்த ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் எங்கள் கல்லூரி ஒருநாளும் ஜெயித்ததில்லை. முதல் வருடம் முப்பத்தெட்டு புள்ளியில் தோற்றோம். அடுத்த வருடம் இருபத்தொன்பது. முன்னேற்றம்தான், ஆனால் அதற்கெல்லாம் சான்றிதழ் தரமாட்டார்கள். இது கடைசி வருடம்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு சீடு பட்டியல் வந்தது. பழைய ஆட்டங்களை வைத்து எந்த அணி எத்தனையாவது என்று வரிசை போடுவதுதான் சீடு. முதலாவது அணிக்கு முதல் ஆட்டம் பதினாறாவதோடு, இரண்டாவதுக்குப் பதினைந்தாவதோடு. பெரிய அணிகள் ஆரம்பத்திலேயே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. சின்ன அணிகள் ஆரம்பத்திலேயே நசுங்கிப்போகவும் இதே ஏற்பாடுதான். எங்களுக்குப் பதினாறு. முதலாவது, மூன்று வருடமாகக் கோப்பையைக் கையைவிட்டு இறக்காத கடலூர் அணி.

எங்கள் உடற்கல்வி இயக்குநர் பூங்குழலி மேடம் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு நோட்டை எடுத்தார். பதினோரு வருட ஆட்டங்களின் முடிவுகள் அதில் இருந்தன.

"ஒம்பதாவது டீம் எட்டாவத அடிக்கறது சர்வசாதாரணம். பாதிக்குப் பாதி நடந்துருக்குது. பன்னண்டாவது டீம் அஞ்சாவத நாலு தடவ கவுத்துருக்குது. பதினஞ்சாவது ரெண்டாவத ஒரே ஒரு தடவ."

"பதினாறாவது, மேடம்?" என்றாள் எங்கள் அணி நிலா.

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"இல்லன்னு சொன்னேனே, காது கேக்கலியா? ஆனா இதப் பாருங்க. ஜெயிச்ச சின்ன டீம் ஒண்ணுகூட அம்பது பாயிண்ட்ட தாண்டல. எல்லாம் நாப்பது, நாப்பத்தி ரெண்டு. இன்னா அர்த்தம்? மெதுவா ஆடியிருக்காளுங்க. ஓடிப் புடிச்சி ஆடினா பெரிய டீம்தான் ஜெயிக்கும். நூறு தடவ பந்து போட்டா யாரு நல்லாப் போடறாங்கன்னு தெரிஞ்சிடும். நாப்பது தடவன்னா தெரியாது. குழப்பத்துலதான் நமக்கு வேல."

ஆக, இருபத்துநாலு செகண்டுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்றால் இருபத்து மூன்றாவது செகண்டில்தான் எறிய வேண்டும். பீமாராவ் மாமா ஆள் சேரட்டும் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸை உருட்டுவாரே, அந்த வேகம். பத்து நாளும் இதையே பழகினோம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பழகினேன்.

இன்னொரு ஏற்பாடும் எங்களிடம் இருந்தது. எந்த மாதிரி ஆடப் போகிறோம் என்று கோர்ட்டில் கத்திச் சொல்ல வேண்டும், எதிரணிக்கும் புரியக் கூடாது. அதனால் ஊர்ப் பெயர் வைத்திருந்தோம். "சிங்கவரம்" என்றால் பக்கத்திலேயே சின்ன பாஸ், நிலா எறிவாள். "சீயமங்கலம்" என்றால் அனு பாறை மாதிரி நிற்பாள், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் ஒளிந்து ஓடுவார்கள். "மலையனூர்" என்றால் அம்மன் கோவில் அமாவாசைக் கூட்டம். நாலு பேரும் ரிங்குக்குக் கீழே போய் முட்டி மோதி நிற்க வேண்டும். பெயர் வைத்தது நிலா. அவள் ஊரே மேல்மலையனூர்தான், கூட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை.

பட்டியல் வந்த அன்று வீட்டுக்குப் போனேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நைனா, எங்க டீமுக்குப் பதினாறாவது சீடு."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. "சீட்டு கெடச்சிட்டுதா?"

"சீட்டு இல்ல நைனா, சீடு."

"அதான்டி நானும் சொல்றேன். பதினாறா? பதினாறு நல்ல சீட்டாச்சே! டயரு மேலயும் வராது, கடைசியிலயும் வராது. ஜன்னலோரம். மலையனூர் வரைக்கும் குலுங்காமப் போலாம். ஏ குஞ்சம்மா, கேட்டியா? எத்தினி காலேஜி நின்னுக்கினு வருது, நம்ம பொண்ணுக்கு சீட்டு கெடச்சிருக்குது!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னம்மா விசேஷம் என்றார்கள். நைனா அவர்களுக்கும் சொன்னார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுக்கப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் பஸ்ஸில் அவர் டிக்கெட் கிழித்தபடியே சொல்லியிருக்கிறார். காலையில் ஏறியவர்களுக்கு, மதியம் ஏறியவர்களுக்கு, மலையனூரில் பூக்கடைக்காரர்களுக்கு. கண்டக்டரிடம் ஒரு சேதி போனால் போதும், செய்தித்தாள் தேவையில்லை. மூன்றாம் நாள் நான் சைக்கிளில் வருகிறேன், பஸ் ஸ்டாண்டு எதிரில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ். பின்னால் கோட்டை. முன்னால் என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதைவிடப் பெரிசாக நைனா போட்டோ. "பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் போட்டியில் 16-வது சீட்டைத் தட்டிப் பறித்த செஞ்சியின் வீராங்கனைகளை வாழ்த்தி வணங்குகிறோம். இவண்: பஸ் ஸ்டாண்டு நண்பர்கள்."

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. தட்டிப் பறித்தோமாம்! யாருக்கும் வேண்டாத கடைசி இடத்தை யாரிடமிருந்து தட்டிப் பறிப்பது? கல்லூரிக்குப் போனால் அனு ஃப்ளெக்ஸ் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பூங்குழலி மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரும் வாயத் தொறக்காதீங்க. இத்தினி வருசத்துல நம்ம மேட்ச்சப் பாக்க ஒரு ஆளு வந்துருக்கானா? இப்ப வருவாங்க பாரு" என்றார்.

வந்தார்கள். வியாழக்கிழமை காலை விழுப்புரத்தில் ஆட்டம். இரண்டு வேன் நிறைய நாற்பது பேர். ஒரு வேனை ஓட்டி வந்தது பீமாராவ் மாமா. பூக்கட்டுகிறவர்கள், மெக்கானிக், பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர், என் அம்மா, எல்லோருக்கும் முன்னால் புதுச்சட்டை போட்ட நைனா. நான் ஆடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கடலூர்க்காரர்களுக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பாவம், ஜெயித்து ஜெயித்து அலுத்துப் போயிருக்கும்.

கடலூர் அணி தங்களுடைய நல்ல ஆட்டக்காரிகளை உட்கார வைத்துவிட்டு இரண்டாவது வரிசை ஐந்து பேரை இறக்கியது. பதினாறாவது அணிக்கு எதற்கு வீணாக வியர்க்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். நாங்கள் உருட்டினோம். நான் பந்தைத் தட்டித் தட்டி நிற்பேன், நிலாவிடம் போகும், திரும்பி என்னிடம் வரும், அனுவிடம் போகும். இருபத்து மூன்று செகண்ட். எறிவோம். பாதி விழும், பாதி விழாது. எதிரணிப் பெண்களுக்குப் பொறுமை போயிற்று. பந்தைப் பிடுங்க வந்து ஃபவுல் செய்தார்கள். பாதி ஆட்டத்தில் இருபத்தொன்று – இருபது. நாங்கள்தான் இருபத்தொன்று.

கடலூர் கோச் எழுந்து நின்றார். நல்ல ஆட்டக்காரிகள் ஐந்து பேரும் இறங்கினார்கள். அப்புறம் என்ன, மூச்சு வாங்கிவிட்டது. ஆறு புள்ளி பின்னால் போனோம். திரும்ப நாலாக்கினோம். திரும்ப ஏழு. எங்களிடம் மாற்றி இறக்க இரண்டு பேர்தான், அதில் ஒருத்திக்குக் கணுக்கால் வீக்கம். ஆனால் நாற்பது பேரும் ஒரு நிமிடம் உட்காரவில்லை. நாங்கள் பந்தைப் பிடித்தாலே கத்தினார்கள். நியாயமாகப் பார்த்தால் எதிரணி புள்ளி எடுத்தபோதும் இரண்டு தடவை கத்தினார்கள், விளையாட்டு புரியாததால். பூக்கட்டுகிற அக்கா ஒருத்தி நடுவரைப் பார்த்து, "அந்தக் கடலூரு நெட்டப் பொண்ண எறக்கி வுடுய்யா, எங்க பசங்களுக்கு எட்டல" என்று கேட்டது கோர்ட்டுக்குள் எங்களுக்குக் கேட்டது. அனு சிரித்துவிட்டாள். சிரித்தபடியே ஒரு பந்தைப் போட்டாள். ஏழு ஐந்தாயிற்று, மூன்றாயிற்று, ஒன்றாயிற்று.

கடைசி ஒன்பது செகண்ட். முப்பத்தொன்பது – நாற்பது. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், பந்து எங்களிடம். மேடம் டைம்-அவுட் கேட்டு எங்களைச் சுற்றி நிற்க வைத்தார்.

"சிங்கவரம். ரஞ்சனி, சின்ன பாஸ். நிலா, நீ எறியற. வேற ஒண்ணும் வாணாம்."

பந்து என் கைக்கு வந்தது. மூன்று வருடம், ஒரு சான்றிதழ், ஒன்பது செகண்ட். நான் வாயைத் திறந்து "சிங்..." என்றேன்.

அந்த நேரம் பார்த்து நைனாவுக்கு டென்ஷன் உச்சிக்கு ஏறிவிட்டது.

"மலையனூர் மலையனூர் மலையனூர்! ஏறு ஏறு ஏறு!"

என் குரல் எங்கே, அந்தக் குரல் எங்கே! நாலு பேரும் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நிலா உட்பட எல்லோரும் ரிங்குக்குக் கீழே பாய்ந்தார்கள். அமாவாசை கூடிவிட்டது. இவர்கள் போகிறார்களே என்று கடலூர்ப் பெண்களும் பின்னாலேயே ஓடினார்கள். என்னை மறித்து நின்ற பெண்ணும் அந்தக் கூச்சலில் திரும்பிப் பார்த்து இரண்டடி பின்னால் போய்விட்டாள். நான் கையில் பந்தோடு தனியாக நிற்கிறேன். பாஸ் கொடுக்க ஒரு ஆள் இல்லை. பாஸ் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையும் தெரியாது. நைனாவை அந்த இடத்திலேயே கொன்றுவிடலாம் போல இருந்தது.

நாலு செகண்ட். எறிந்தேன்.

விழவில்லை. ரிங்கின் பின்பக்கம் பட்டு மேலே எகிறியது. கீழே எட்டுப் பேர் கூட்டம். அதற்குள்ளிருந்து மல்லாட்டை தின்று வளர்ந்த ஒரு கை மட்டும் மேலே வந்தது. அனு பந்தைப் பிடிக்கக்கூட இல்லை, விரலால் ஒரு தட்டு. வலைக்குள் போனது. விசில்.

நாற்பத்தொன்று – நாற்பது.

அதற்கப்புறம் எனக்குக் கோர்வையாக ஒன்றும் ஞாபகம் இல்லை. பீமாராவ் மாமா கோர்ட்டுக்குள் ஓடிவந்து நடுவரைக் கட்டிப்பிடித்தார். பூங்குழலி மேடம் நோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அழுதார். நான் நேராக நைனாவிடம் போனேன்.

"நைனா, ஏன் மலையனூர்னு கத்துன?"

"நானா? நான் ஒண்ணும் கத்தலியே!"

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த மேடம் நோட்டைத் திறந்து, பதினோரு வருடமாகக் காலியாக இருந்த கட்டத்தில் அந்த இடத்திலேயே எழுதினார்.

மறுநாள் கால் இறுதியில் இருபத்தேழு புள்ளியில் தோற்றோம். அதையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை. முதல் ஆட்டத்தில் பெரிய அணியைக் கவிழ்த்த சின்ன அணிகள் அடுத்த ஆட்டத்தில் இப்படித்தான் ஆகும் என்று மேடம் நோட்டிலேயே இருக்கிறதாம். எங்களுக்கு வருத்தமே இல்லை. கால் வலியோடு உட்கார்ந்து பிரியாணி தின்றோம்.

அன்று நைனாவிடம் டீக்கடையில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பதினாறு அணிகளில் பதினாறாவது என்றால் கடைசி என்று. அவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, பதினாறுன்னா கடைசியாமே?"

"ஆமா நைனா."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ சந்தோசமா இருந்த. சொல்ல மனசு வரல."

ஃப்ளெக்ஸை நினைத்தாரோ, டிக்கெட் கிழித்தபடி சொன்ன அத்தனை பேரையும் நினைத்தாரோ, முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் தோளில் கிடந்த துண்டை உதறினார்.

"கடைசி சீட்டும் சீட்டுதான? நின்னுக்கினா வந்தீங்க?" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன், கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் பரிசளிப்பு. கோப்பைகள் முடிந்ததும் முதல் எட்டு அணிகளுக்கு மெரிட் சான்றிதழ். நைனா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கில் ஒரு சார் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அனு வாங்கினாள், நிலா வாங்கினாள். அப்புறம் என் பெயர்.

"செஞ்சி. து. ரஞ்சனி."

நான் நடந்து போய்க் கையை நீட்டினேன். தாளில் கறுப்பு மையில் அச்சாக இருந்தது, து. ரஞ்சனி, மெரிட். இனி யாரும் அதை என்னிடமிருந்து எடுக்க முடியாது என்று நினைத்தேன். படிப்பில் இடம் கிடைத்துவிடும், நான் வாத்தியாரம்மா ஆகிவிடுவேன். அப்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். நைனா. பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டி மேடையைக் காட்டினார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. நைனா தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

"சார், அந்த 'து' நாந்தான் சார்."